கடைசிப் பெட்டியைத் தேடி: கபூஸ் கேள்வி பதில்

கே: கபூஸ் என்பது நம் ஊர்ச் சரக்கு ரயிலின் கார்டு பெட்டிதானே?

ப: ஏறக்குறைய அதுதான். ஆனால் அமெரிக்காவில் கண்டக்டரும் (ரயிலுக்குப் பொறுப்பானவர்) அவருக்கு உதவும் பிரேக்மேனும் அதிலேயே சமைத்து, கணக்கெழுதி, தூங்கவும் செய்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் உள்ளே போய் அடுப்பைப் பாருங்கள். தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். மேல்தட்டைச் சுற்றி ஓர் இரும்பு விளிம்பு ஓடும். முன்னால் போகும் அத்தனை பெட்டிகளின் இணைப்புத் தளர்வும் சேர்ந்து கடைசிப் பெட்டியை உலுக்கும்போது காபிப் பாத்திரம் மடியில் கவிழாமல் இருக்கத்தான் அது.

கே: இவை ஏன் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன?

ப: வேலை போய்விட்டது. 1982-இல் தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாடு கபூஸைக் கழற்றிவிட வழி திறந்தது. கடைசிப் பெட்டியின் கொக்கியில் மாட்டும் சிறு கருவி, சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே பிரேக் காற்றழுத்தத்தை ரேடியோவில் இன்ஜினுக்குச் சொல்லிவிடுகிறது. கபூஸ் கட்டாயம் என்று சட்டமே வைத்திருந்த வர்ஜீனியாவும் 1988-இல் அதை நீக்கியது. உடைத்து இரும்பாக விற்றவை போக, மிஞ்சியவை பூங்காவுக்கும் பண்ணைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் போய்ச் சேர்ந்தன.

கே: தேடலை எங்கே தொடங்கலாம்?

ப: பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க், இல்லினாய்சின் யூனியன் ஆகிய ஊர்களின் ரயில் அருங்காட்சியகங்களில் கண்ணைப் பழக்குங்கள். ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்திலேயே கபூஸ்களை அறைகளாக்கி 1970-இல் திறந்த விடுதி இருக்கிறது. கலிபோர்னியாவின் டன்ஸ்முயரிலும் அப்படி ஒன்று உண்டு. பிறகு செயற்கைக்கோள் படத்தில் பழைய ரயில்பாதையைப் பிடித்துக்கொண்டே போங்கள். தனியாக ஒரு நீள்சதுரம், அதன் நிழலில் ஒரு திமில் தெரிந்தால் கூரைமாடம் (கூரைமேல் எழும்பி நிற்கும் ஜன்னல் வைத்த சிறு அறை) வைத்த கபூஸாக இருக்கலாம். (நான் இப்படி மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்ப் பார்த்தது ஒரு கோழிக்கூண்டு.) ஊர் நூலகத்தில் எண்பதுகளின் உள்ளூர்ச் செய்தித்தாளையும் புரட்டுங்கள், கபூஸ் வந்து இறங்கிய நாளில் மேயர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

கே: எங்கள் பூங்காவில் நிற்கும் பெட்டியில் சாண்டா ஃபே என்ற பெயரும் எண்ணும் பளிச்சென்று இருக்கின்றன. நம்பலாமா?

ப: பளிச்சென்று இருப்பதாலேயே நம்பாதீர்கள். பெயிண்ட் அடித்தவருக்குப் பிடித்த நிறுவனமாக இருக்கலாம். மாலை மங்கியதும் டார்ச்சைப் பக்கவாட்டுத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்தின் ஓரங்கள் தழும்பு போல எழும்பி நிற்கும். சக்கரச் சட்டத்தின் வார்ப்பில் ஆண்டு இருக்கும். ஆனால் சக்கரத்தொகுதியை மாற்றியிருப்பார்கள் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். உருவம்தான் கடைசிவரை பொய் சொல்லாது. கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னல்கள் இருந்தால், பெயர் எதுவானாலும், பென்சில்வேனியா ரயில்வே 1942-இல் கட்டிய என்5சி வகையா என்று முதலில் பாருங்கள். கூரைமாடம் இல்லாமல் பக்கச் சுவரில் ஜன்னல் புடைத்திருந்தால் அது வேறு குடும்பம். பால்டிமோர் அண்ட் ஓகையோ நிறுவனத்துக்குப் பிரியமான வடிவம்.

கே: ஒன்றை விலைக்கு வாங்கலாமா?

ப: பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் கிரேனும் லாரியும் பர்ஸைக் காலி செய்துவிடும். எடை இருபது டன்னைத் தாண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், சுரண்டாதீர்கள்.

கே: தனியார் தோட்டத்துக்குள் நிற்பதைப் படம் எடுக்கலாமா?

ப: கதவைத் தட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் சாவியோடு வந்து உள்ளேயும் காட்டுவார்கள். நாய் இருக்கிறதா என்று மட்டும் வாசலிலேயே விசாரித்துவிடுங்கள்.