மயலின் மீண்டும் வளருமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் சிதையும் மயலின் உறையை, அதாவது நரம்பிழைகளைச் சுற்றியுள்ள காப்புறையை, எலிகளுக்கு மீண்டும் வளரவைத்துவிட்டார்களாமே! அப்படியானால் மருந்து வந்துவிட்டதா?

பதில்: இல்லை. மருந்தே கொடுக்காவிட்டாலும் எலிக்கு வளரும். குப்ரிசோன் என்ற ரசாயனத்தைத் தீவனத்தில் 0.2 சதவீதம் கலந்து ஐந்தாறு வாரம் கொடுத்தால், மயலினை உருவாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்கள் மடிகின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை, சாயமேற்றிய மூளைச் சீவலில் மயலின் இருப்பதால் நல்ல நீலமாகத் தெரியவேண்டியது, வெளுத்துக் கிடக்கும். ரசாயனத்தை நிறுத்திய சில வாரங்களில் நீலம் தானாகவே திரும்புகிறது. ஆகவே, தானாக நடப்பதை மருந்து சற்று விரைவுபடுத்தியது என்பதுதான் இத்தகைய ஆய்வுகள் காட்டுவது. செய்தித் தலைப்பில் மட்டும் 'வேகம்' மறைந்து 'குணம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது!

கேள்வி: எலிகளில் இந்நோய் போன்ற நிலையை உண்டாக்க இ.ஏ.இ. என்றொரு முறையும் உண்டே, அது குப்ரிசோனைவிட மேலானதா?

பதில்: விலங்கின் நோயெதிர்ப்பு ஆற்றலை அதன் மயலின்மீதே ஏவிவிடும் முறை அது, 1930களில் குரங்குகளில் தொடங்கியது. அழற்சியை ஆராய நல்லது. ஆனால் முடங்கிய எலி எழுந்து நடந்தால், உறை வளர்ந்ததாலா, தாக்குதல் தணிந்ததாலா என்று பிரித்தறிவது கடினம்.

கேள்வி: எலியின் வயது முக்கியமா?

பதில்: மிக முக்கியம், நான் முதலில் தேடுவதே அதைத்தான். பெரும்பாலும் இளம் எலிகளே பயன்படுகின்றன. முதுமையில் முன்னோடிச் செல்கள், மயலின் செல்லாக மாறச்சொல்லும் சமிக்ஞைக்குச் செவிசாய்ப்பதில்லை. 2019இல் கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்க்ளின் குழுவினர், முதிய எலிகளை ஒருநாள்விட்டு ஒருநாள் பட்டினி போட்டும், சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினைக் கொடுத்தும் அந்தத் திறனை மீட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே பட்டினி கிடக்கவேண்டாம்.

கேள்வி: என் அண்ணனுக்கு இந்நோய். மயலினை வளர்க்கக்கூடும் என்று சொல்லப்படும் க்ளெமாஸ்டின் என்ற ஒவ்வாமை மாத்திரையை நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 2017இல் வெளியான, 50 நோயாளிகள் பங்கேற்ற சான் பிரான்சிஸ்கோ ஆய்வில், இதை உட்கொண்டபோது கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் சமிக்ஞையின் தாமதம் 1.7 மில்லி விநாடி குறைந்தது. மயலின் சீரமைப்பு மனிதரிலும் சாத்தியம் என்பதற்கு அது நல்ல அறிகுறி; அன்றாட வாழ்வில் உணரக்கூடிய அளவு அல்ல. பிறகு நடந்த வேறோர் ஆய்விலோ, இதை உட்கொண்ட சிலருக்கு ஊனம் விரைவாகக் கூடியதால் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். மயலினை வளர்க்கும் என விலங்குகளில் நம்பிக்கை தந்த ஓபிசினுமாப் மருந்தும் மனிதப் பரிசோதனையில் தேறாமல் 2020இல் கைவிடப்பட்டது. நோய்த்தாக்குதலைத் தடுக்க நரம்பியல் மருத்துவர் எழுதித்தந்த மருந்தை உங்கள் அண்ணன் இடைவிடாமல் எடுத்துவருகிறாரா என்று முதலில் பாருங்கள்.