ஓய்வுக்குப் பிறகு கொழும்புத் தொடர்மாடியில் நாய்க்குட்டி வளர்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வெள்ளவத்தையில் நான்காம் மாடி, 60 தாண்டிய கணவன் மனைவி, பிள்ளைகள் வெளிநாட்டில். 8 கிழமைக் குட்டி ஒன்று வரப்போகிறது. "நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம், சமாளிக்கலாம்தானே?"

சமாளிக்கலாம். ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு வரக்கூடிய முதல் சிக்கல். வேலைக்குப் போகிறவர்களின் குட்டி வேறு வழியில்லாமல் தனிமையைப் பழகவேண்டிவரும். ஓய்வு பெற்றவர்களின் குட்டிக்கு அந்தப் பாடம் நடப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள் கிளினிக்குக்கோ கல்யாண வீட்டுக்கோ இருவரும் சேர்ந்து போனால், கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, மாடி முழுவதையும் கூட்டிவிடும். பேரப்பிள்ளை பிறந்து மூன்று மாதம் ரொறன்ரோ போக நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் தனியே இருக்கப் பழக்குவதை முதற்கிழமையிலேயே தொடங்குங்கள். கூடத்தின் ஒரு மூலையில் மடக்குக் கம்பி வேலியால் ஒரு அடைப்பு, உள்ளே படுக்கை, தண்ணீர், கடிக்க ஒரு ரப்பர் பொம்மை. முதல் இரண்டு நாள் குட்டி உள்ளே கடித்துக்கொண்டிருக்க, நீங்கள் அருகில் கதிரையில் இருந்து பேப்பர் படியுங்கள். பிறகு குசினிக்குள் போய்ப் பத்து விநாடியில் திரும்புங்கள். அழத் தொடங்குவதற்கு முன்னரே திரும்புவதுதான் இதில் முக்கியம். அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். இடையிடையே வேண்டுமென்றே குறைத்தும் விடுங்கள். திறப்பை எடுப்பது, செருப்பைப் போடுவது, கைப்பையைத் தூக்குவது எல்லாவற்றையும் செய்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருங்கள். அப்போதுதான் திறப்புச் சத்தம் பயத்தின் அறிகுறியாக மாறாது. போகும்போது கொஞ்சுவதும் வரும்போது ஆரவாரம் செய்வதும் வேண்டாம். தனியே விட்டதும் பிடித்த தின்பண்டத்தைக்கூடத் தொடாமல் வாயூற்றிக்கொண்டு நின்றால் அது குறும்பு அல்ல, பயம். நேரத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். "அழுது களைக்கட்டும்" என்று விட்டால் பயம் கூடுமே தவிரக் குறையாது.

கூடவே, கிழமைக்கு இரண்டு தரமாவது பக்கத்து வீட்டாரோ வேலைக்கு வருபவரோ குட்டிக்குச் சாப்பாடு வைத்து, கழுத்துப்பட்டி போட்டு நடத்தட்டும். உங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் குட்டியைக் கையாளத் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். நாய் 10 முதல் 15 வருடம் இருக்கும். அந்த மூன்றாமவர் யார் என்று குட்டி வருமுன்னரே பேசிவையுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல.

இனத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வளர்ந்த லாப்ரடோர் 30 கிலோவையும் தாண்டும். பூனையைக் கண்டு ஒருதரம் இழுத்தாலே இடுப்பெலும்பு முறியும் விழுகை. ஹஸ்கியும் செயின்ட் பெர்னாடும் கொழும்பு வெக்கைக்குச் செய்யப்பட்டவை அல்ல. பக் போன்ற தட்டை மூக்கு இனங்கள் மதிய வெயிலில் மூச்சுக்குத் திணறும். 10 முதல் 15 கிலோவில் நிற்கும் நாட்டுநாய்க்குட்டி எல்லாவற்றிலும் நல்லது. ஒன்றரை வயது நாயைத் தத்தெடுத்தால் கீழே சொல்லப்படும் பாதி வேலையே இல்லை.

மாடி வீட்டில் மூத்திரப் பழக்கம்தான் அதிகம் பிழைப்பது. எட்டுக் கிழமைக் குட்டியால் லிஃப்ட் வந்து, கீழே இறங்கி, புல்லைக் காணும்வரை அடக்க முடியாது. விழித்திருக்கும்போது எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது தாங்கக்கூடிய மணித்தியால உச்சம். நித்திரை விட்டு எழுந்தவுடன், சாப்பிட்டு 10–15 நிமிடத்தில், விளையாடி முடித்ததும் அந்தக் கணக்கும் செல்லாது. பால்கனியில் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று, மேலே செயற்கைப் புல் விரிப்பு. பழைய மூத்திரம் தோய்ந்த பேப்பர்த் துண்டு ஒன்றை அடியில் விட்டுவையுங்கள், வாசனைதான் அடையாளம். கயிற்றில் கொண்டுபோய் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். முடித்த இரண்டு விநாடிக்குள் ஒரு சிறு துண்டு கோழி. ஒன்றும் வராவிட்டால் அடைப்புக்குள் பத்து நிமிடம், திரும்பவும் தட்டுக்கு. வீடு முழுக்கப் பேப்பர் விரித்தால், கால்மிதியும் பூசைப் பாயும் அதற்குப் பேப்பராகவே தோன்றும். இரவில் 11 மணிக்கு ஒருதரம், 3 மணிக்கு ஒருதரம். இந்த வயதில் 3 மணிக்கு எழும்புவதற்கு எழுப்புமணி தேவைப்படாதவர்கள்தான் அதிகம்.

தரையில் போய்விட்டால் அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். ஒளித்துப் போகத்தான் பழகும். என்சைம் கலந்த கழுவும் திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்தது மூத்திர வாசனையையே நினைவூட்டும், பினைல் குட்டியின் தோலுக்கும் வாய்க்கும் ஆகாது. பால்கனியைக் கழுவும் தண்ணீர் கீழ்மாடியின் உடுப்புக் கொடியில் விழுந்தால் நாய் விவகாரம் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்குப் போய்விடும், எனவே தட்டைக் குளியலறையில் கழுவுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளிக்கு வலை அடிப்பதை மறக்க வேண்டாம்.

ஊசி. முதலாவது 6–8 கிழமையில், பிறகு 3–4 கிழமைக்கு ஒன்றாக 16 கிழமை ஆகும்வரை. ஏன் இத்தனை தரம் என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்வரை ஊசியின் வேலையை அது தடுத்துவிடும். எந்தக் கிழமையில் அது இறங்கும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். ஒரு ஊசியோடு நிறுத்திய குட்டிகளையும் பார்வோ (கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் வைரஸ் நோய்) பிடிக்கிறது. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரண சவர்க்காரத்துக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். மழையில் காண் நிரம்பும் ஊரில் அது ஆடம்பரம் இல்லை, அந்த நோய் நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். விசர்நாய்க்கடி ஊசி 3 மாதமளவில், பிறகு வருடாவருடம். மாநகர சபையில் நாயைப் பதிவு செய்வதையும் அதோடு முடித்துவிடுங்கள்.

குட்டி கடித்து இரத்தம் வந்தால், "குட்டிதானே" என்று விடக் கூடாது. குட்டிகளுக்கும் விசர் வரும். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பூசி தேவையா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும்.

ஊசி முடியும்வரை வெளியே இறக்கக் கூடாது என்பதால் நான்கு மாத வயதாகும்வரை வீட்டுக்குள் பூட்டிவைப்பவர்கள் பலர். உலகத்துக்குப் பயப்படாமல் பழகும் காலம் 12–14 கிழமையோடு மூடிவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க முச்சக்கரவண்டியைக் கண்டு நடுங்கும். தோள்பையில் தூக்கிக்கொண்டு மரைன் டிரைவில் பத்து நிமிடம் நில்லுங்கள். ரயில் போகும்போது ஒரு துண்டு சாப்பாடு, ஹெல்மெட் போட்டவர் வரும்போது ஒரு துண்டு, குடை விரியும்போது ஒரு துண்டு. தரையில் மட்டும் விடாதீர்கள், மிருக வைத்தியரின் காத்திருப்பு அறைத் தரையிலும்கூட. சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் 31 வெடிச் சத்தத்துக்கு, பதிவு செய்த சத்தத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மிகக் குறைவாக வைத்துப் பழக்கலாம்.

அடுத்தது உங்கள் மருந்துப் பெட்டி. இளம் குடும்ப வீடுகளை விட இதில் உங்கள் வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். கிழமை மருந்துப் பெட்டி குட்டிக்குக் கிலுகிலுப்பை மாதிரி. ஒரு கடியில் ஏழு நாள் மருந்தும் வயிற்றுக்குள். நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளைக்கிளசைட் வகை மாத்திரை இரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும், பிரஷர் மாத்திரை இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கும். டைக்குளோபெனக், இபுபுரோஃபன் குடலில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் தரும். நாய்க்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் ஆபத்து, அது ஈரலைப் பாதிக்கும். சீனியில்லாத சுவிங்கத்திலும் இனிப்பிலும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அரை மணித்தியாலத்திலேயே வலிப்பு வரக்கூடும். இவற்றில் எதையாவது விழுங்கினால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க முனையாதீர்கள். மாத்திரை உறையை எடுத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம். பூந்தொட்டியில் அலரி இருந்தால் அதையும் அகற்றுங்கள்.

விழுகையும் கடியும் ஒன்றாகவே வரும். சாரத்தின் நுனியும் சேலைத் தலைப்பும் ஆடுவதால் குட்டி பிடித்து இழுக்கும். முதல் மூன்று மாதம் வீட்டில் முழுக்காற்சட்டை நல்லது. கழுத்துப்பட்டியில் சின்ன மணி கட்டினால் காலடியில் நிற்பது கேட்கும், இரவில் நடைபாதையில் ஒரு சிறு விளக்கு. கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் வேண்டாம், மணிக்கட்டில் சுற்ற வேண்டாம், நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். பல் பட்டதும் கையை உதறாமல் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். மாலையில் வெறிபிடித்த மாதிரிக் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கக் குறைவு. குட்டிக்கு ஒரு நாளில் 18 மணித்தியாலம் நித்திரை தேவை, பார்க்க வரும் சொந்தக்காரர் விடுவதில்லை. இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் சிறு கீறலையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சாப்பாடு: மூன்று மாதம் வரை நாளுக்கு 4 வேளை, ஆறு மாதம் வரை 3, பிறகு 2. வெறும் சோறும் மீன் தண்ணியும் எலும்பு வளரப் போதாது; குட்டிகளுக்கான உலர் உணவை நிறுத்துக் கொடுங்கள். நல்ல உணவுக்கு மேல் கல்சியம் மருந்து சேர்ப்பது பெரிய இனங்களில் எலும்பைக் கோணலாக்கும். வெங்காயம், உள்ளி போட்ட கறி, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சமைத்த எலும்பு கூடாது. பால்மா கரைத்தால் வயிறு போகும்.

கடைசியாக உண்ணி. இங்கே வருடம் முழுக்க உண்டு, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயில் அல்ல, சுவர் வெடிப்பிலும் திரைச்சீலை மடிப்பிலும். உண்ணி மாத்திரைகள் பெரும்பாலும் 8 கிழமைக்கும் 2 கிலோவுக்கும் மேல்தான்; அதுவரை வைத்தியர் தரும் ஸ்ப்ரே. மண்ணெண்ணெய் பூசாமல் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கிழமைக்கு ஒருதரம் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காவிட்டாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மறுநாள் வரை பார்த்திருக்காமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.