தப்பிய குண்டு எங்கே போகும்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். துப்பாக்கி சுடும் ரேஞ்ச் தூரமாக இருப்பதால் வாரத்துக்கு 2 நாள்தான் போக முடிகிறது. வீட்டுக்குப் பின்னால் நீளமான இடம் இருக்கிறது, கடைசியில் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் காம்பவுண்ட் சுவர். சுடும் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைப் பிடிக்கும் பெட்டி ஒன்றை நாமே செய்ய முடியுமா? தச்சர், கெட்டியான பலகை ஒன்றே போதும் என்கிறார். (ஒரு வாசகர், நாமக்கல்)

தாராளமாகச் செய்யலாம், ஆனால் பலகை மட்டும் வேண்டாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழைய கதவுப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து டார்கெட் பேப்பரை ஒட்டினேன், இரண்டாம் நாளே ஒரு பெல்லட் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே சுளீரென்று பட்டது. 10 மீட்டர் தூரம், கால் என்பதால் ஒரு சிவப்புத் தழும்போடு போயிற்று. அதுவே கண்ணாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். போட்டி ரைஃபிளின் பெல்லட் 4.5 மில்லிமீட்டர் குறுக்களவும் அரை கிராம் சொச்சம் எடையும் உள்ள ஈயத்துண்டு, விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. நேராக நிற்கும் கெட்டியான எதில் மோதினாலும் அது, அல்லது அதன் சிதறல், வந்த வழியே திரும்பப் பார்க்கும்.

அதனால் வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். 3 மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புத் தகட்டில் முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி, வாய் 30க்கு 30 சென்டிமீட்டர். டார்கெட் 8 சென்டிமீட்டர் சதுரம்தானே, இவ்வளவு பெரிய வாய் எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்பார், பழகும் பிள்ளைக்கு அது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே ஒரு தகடு 45 டிகிரி சாய்வாக நிற்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தகட்டின் மேல் விளிம்பு சுடுபவர் பக்கம், கீழ் விளிம்பு சுவர்ப் பக்கம். அப்போதுதான் பெல்லட் தட்டிக் கீழே இறங்கும், மாற்றி வைத்தால் மேலே எகிறும். வாய் 30 என்றால் ஆழமும் 30க்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் அந்தச் சாய்வு வராது. தகட்டைப் பின்னாலிருந்து பற்றவையுங்கள், குண்டு படும் முகத்தில் ஒரு போல்ட் தலைகூட இருக்கக் கூடாது, அதில் பட்ட பெல்லட் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடியில் பழைய ஜீன்ஸ் துணியை நான்கைந்து மடிப்பாகப் போட்டால் விழுகிற ஈயம் துள்ளாது. அப்புறம், பெட்டி வாயைச் சுற்றியுள்ள இரும்பு விளிம்பும் சுடுபவரைப் பார்த்துத்தான் இருக்கிறது, அதைத் தடித்த சாக்கை மடித்துக் கட்டி மூடுங்கள்.

இவ்வளவும் பெட்டிக்குள் போகிற குண்டுக்கான ஏற்பாடு. பெட்டியைத் தவறவிடும் குண்டுதான் எனக்குக் கவலை. நன்றாகச் சுடுகிற பிள்ளையும் கை அசதியில், அல்லது டிரிகரில் விரல் சற்று முன்னதாகப் பட்டு, ஒன்றைத் தவறவிடும். அதற்காகப் பெட்டிக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு கம்பியில் கோணிச் சாக்கையோ பழைய கார்பெட்டையோ இரண்டு மூன்று அடுக்காக, 6 அடி அகலத்துக்குத் தொங்கவிடுங்கள். திரைபோலத் தளர்வாகத் தொங்க வேண்டும். இழுத்துக் கட்டினால் பெல்லட் தட்டித் திரும்பும், தளர்வாக விட்டால் துணி அசைந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும். மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் மேட்டை மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள், கெட்டி ரப்பர் குண்டைத் திருப்பி அனுப்பும்.

எல்லாம் முடிந்ததும் மகள் கையில் ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன், பெட்டியின் முன்னால் தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து 20 ரவுண்டு நீங்களோ கோச்சோ சுட்டுப் பாருங்கள். பிறகு குனிந்து வேட்டியை உற்றுப் பார்த்தால், கடுகளவு சாம்பல் நிறத் துணுக்குகள் கிடக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கிடந்தால் சாய்வோ அடித்துணியோ சரியில்லை, சரிசெய்யாமல் பயிற்சி வேண்டாம். கிடக்காவிட்டாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் சுட வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்கும் நீங்களும்தான். வீட்டுக் கதவு, துணிக்கொடி, குழாயடி எல்லாம் சுடுபவருக்குப் பின்னால் இருக்கும்படி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், டார்கெட் பக்கமாக யாரும் நுழைய வழியே இருக்கக் கூடாது.

கேள்வி: எங்களுக்குத் தோட்டம் இல்லை. இதே பெட்டியை மொட்டை மாடியில் வைக்கலாமா? (ஒரு வாசகி, மதுரை)

கைப்பிடிச் சுவரை அளந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் 3 அடி, அதாவது 90 சென்டிமீட்டர்தான் இருக்கும். போட்டி விதிப்படி டார்கெட்டின் நடுப்புள்ளி 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் பெட்டியைத் தப்பிய குண்டு கைப்பிடிச் சுவருக்கு மேலாகப் பறந்து அடுத்த தெருவுக்குத்தான் போகும், ஏர் ரைஃபிள் பெல்லட் சில நூறு மீட்டர் போகக்கூடியது. மாடிப்படி அறையின் முழுச் சுவர் பின்னால் நின்று, அதன் கதவு வேறு பக்கம் திறந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம். வீட்டுக்குள் நீள ஹால் இருந்தால், ரைஃபிளில் குண்டே போடாமல் நிலை, மூச்சு, டிரிகர் மூன்றையும் பழகச் சொல்லுங்கள். பெரிய வீரர்களும் தினம் செய்கிற பயிற்சி அது, குறைவாக நினைக்காதீர்கள்.

கேள்வி: பையனிடம் இருப்பது பிபி என்கிற சின்ன இரும்பு உருண்டைக் குண்டு போடும் துப்பாக்கி. அதற்கும் இதே பெட்டி ஆகுமா? (ஒரு வாசகர், ஓசூர்)

ஆகாது. ஈயம் தகட்டில் நசுங்கி வேகத்தை இழக்கும், இரும்பு நசுங்காது, பந்துபோலத் திரும்பும். தகடு இருக்கும் எந்தப் பெட்டியிலும் பிபி சுடக் கூடாது.

கேள்வி: பெட்டியில் சேர்ந்த ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் கட்டலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

தயவுசெய்து வேண்டாம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அடுப்பே போதும் என்பதால்தான் ஆபத்து. அந்தப் புகையும் தூசியும் உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போதும் துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக வையுங்கள். துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, பேட்டரி ஈயம் வாங்கும் பழைய இரும்புக் கடையில் ஈயம் என்று சொல்லியே கொடுங்கள். பயிற்சி முடிந்து பிள்ளை உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தின்பண்டத் தட்டைத் தொட வேண்டும். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ரைஃபிளை மடக்கும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு, அதைப் பார்த்த அன்றே நிறுத்துங்கள்.