பென் டிரைவில் எடுத்த ஈடிசி நகலும் தொடங்காத எஸ்எஸ்எச் சேவையும்
வணக்கம். திருப்பூரில் உங்கள் பின்னலாடை நிறுவனத்தின் பழைய லினக்ஸ் சர்வரிலிருந்து அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்துப் புதிய சர்வரில் போட்டபின் தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் எனும் சேமிப்பு வடிவில் இருப்பதாலும், அவ்வடிவம் கோப்புகளின் உரிமையாளரையும் அனுமதிகளையும் பதிந்து வைக்காததாலும், சர்வரின் அடையாளத்தை நிரூபிக்கும் ரகசியத் தனிச்சாவிக் கோப்புகளை எவரும் படிக்கலாம் என்ற நிலை உண்டாகி, எஸ்எஸ்எச் அவற்றை ஏற்க மறுத்திருக்கக்கூடும். அச்சாவிகளின் உரிமையாளராக ரூட் எனும் நிர்வாகப் பயனரை வைத்து, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்) ஆக்குங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, சர்வர் தொடங்கும்போது எந்த வட்டுகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. அதில் இப்போது பழைய வட்டின் யூயூஐடி எனும் அடையாள எண்களே இருக்கும்; அவை புதிய வட்டோடு பொருந்தாமல் சர்வர் தொடங்காமல் போகலாம் என்பதால், திருத்தாமல் தயவுசெய்து சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பழைய சர்வர் இன்னும் இயங்கினால், ரூட் பயனராக கோப்புகளை அனுமதிகளோடு ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையால் ஈடிசி முழுவதையும் ஒரே கோப்பாக்கி எடுங்கள். புதியதில் ரூட்டாகவே தனி இடத்தில் பிரித்து, தேவையானவற்றை மட்டும் அனுமதிகளோடு நகலெடுங்கள்.