கண்ணாடியில் விரல் படக்கூடாது!

காரின் ஹெட்லைட் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பதில் சொல்கிறார்.

என்னுடையது 2014 ஆல்ட்டோ 800. இடது ஹெட்லைட்டில் பிரைட் எரிகிறது, டிம் எரியவில்லை. கணவருக்கு வெளியூரில் வேலை. பல்பை வீட்டிலேயே நானே மாற்றலாமா அண்ணா?
— வாசகி, உடுமலைப்பேட்டை

தாராளமாக மாற்றலாம் சகோதரி. ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். உங்கள் வண்டிக்கு ஹெச்-4 பல்ப், 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். 60 வாட் பிரைட்டுக்கு, 55 வாட் டிம்முக்கு. ஒரு பக்கத்தில் பிரைட் எரிந்து டிம் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் டிம் ஃபிலமென்ட் அறுந்திருக்கும். கழற்றியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அறுந்த முனை தெரியும்.

வண்டியை ஆஃப் செய்து சாவியை எடுத்துவிடுங்கள். லைட் எரிந்துகொண்டிருந்ததென்றால் கால் மணி நேரம் ஆறட்டும். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் பின்னால் மூன்று ஒயர் போகும் கப்ளர், அதாவது பல்பில் செருகும் பிளாஸ்டிக் பிளக், தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளரின் உடம்பைப் பிடித்து லேசாக அசைத்து நேராகப் பின்னுக்கு இழுங்கள். அடுத்தது கறுப்பு ரப்பர் கவர், அதன் காதைப் பிடித்து உரித்தால் வந்துவிடும். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் இருக்கும். உள்பக்கமாக அமுக்கி ஓரமாகத் தள்ளினால் விடும். அதைத் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

புது பல்பை எடுக்கும்போதுதான் கவனம் தேவை. அடியில் உள்ள உலோகப் பகுதியை மட்டும் பிடியுங்கள், கண்ணாடியில் விரல் படவே கூடாது. அது சாதாரணக் கண்ணாடி இல்லை, குவார்ட்ஸ். உள்ளே ஃபிலமென்ட் 2,500 டிகிரிக்கு மேல் காய்கிறது. அதிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை ஹாலஜன் வாயு பிடித்து மறுபடி ஃபிலமென்ட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். இது நடக்க, கண்ணாடியும் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விரல் எண்ணெயும் வியர்வை உப்பும் பட்ட இடம் வெளுத்துப் பலவீனமாகி, பல்ப் சீக்கிரம் போகும், சில நேரம் வெடிக்கும். உள்ளே வாயு அழுத்தத்தோடு இருப்பதால் சில்லுகள் தெறிக்கும். கை பட்டுவிட்டால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

பழைய பல்பைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முன்னால் இருக்கும் ஃபிலமென்ட்டுக்கு அடியில் விரல் நகத்தளவில், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை போல ஒரு சின்னத் தகடு இருக்கும். டிம் லைட்டின் மொத்த சூட்சுமமும் அதில்தான். அந்தத் தகடு மறைப்பதால் டிம் வெளிச்சம், ஹெட்லைட்டுக்குள் பளபளக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழே சாலையில் விழுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறும்படி ஹெட்லைட்டை அமைத்திருப்பார்கள். ஓரத்தில் நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் தெரிய வேண்டும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசக்கூடாது என்பதற்காக. பல்ப் கோணலாக உட்கார்ந்தால் இந்த ஏற்பாடு முழுக்கக் கெட்டுவிடும். பல்பின் வட்டத் தகட்டில் உள்ள மூன்று காதுகளும் ஒரே மாதிரி இருக்காது, சரியான ஒரே நிலையில்தான் பொருந்தும். பொருந்தாமல் ஆடினால் அமுக்கிக் கிளிப் போடாதீர்கள். எடுத்துத் திருப்பி மறுபடி வையுங்கள்.

ரப்பர் கவரைச் சுற்றிலும் விரலால் அமுக்கி, ஒட்ட உட்காரவையுங்கள். இதை அரைகுறையாக மாட்டிவிட்டு வருகிற வண்டிகள் மழைக்காலத்தில் என் பட்டறைக்கு நிறைய வரும். உள்ளே ஈரம் இறங்கி ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்துவிட்டால் புது பல்ப் போட்டும் பயனில்லை, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

அடிக்கடி இரவில் வால்பாறை போகிறேன். வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்ப் போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
— வாசகர், ஆனைமலை

வேண்டாம். 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கரண்ட் ஏறும் அளவுக்கு மட்டும் சூடு ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஒயரிலும் கப்ளரிலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு. கம்பெனி போட்ட ஒயர் அதற்கானது இல்லை. இப்படிக் கருகிய கப்ளர் ஒன்றை வருகிறவர்களுக்குக் காட்டவே மேஜையில் வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் காப்பி நிறமாகி, உலோகப் பின்னோடு உருகி ஒட்டியிருக்கிறது. கூடவே ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் தேயும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். வண்டியை இப்படி மாற்றி அமைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவிலும் சிக்கும்.

வெளிச்சம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்து வோல்ட் அளவு எடுங்கள். லைட்டைப் போட்டு, கப்ளரின் பின்பக்கம் அதே அளவை எடுங்கள். பேட்டரியில் 14 இருந்து பல்பில் 12.5 தான் வருகிறதென்றால் நடுவில் எங்கோ துரு இருக்கிறது. பல்புக்கு வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 15 சதவீதம் போய்விடும். பாடியில் எர்த் ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே பல வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும். ஹெட்லைட்டின் முன் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் அதையும் பாலிஷ் போடுங்கள். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மங்கும். பாலிஷுக்குப் பின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சீக்கிரமே மறுபடி மஞ்சளிக்கும்.

வால்பாறை பாதையில் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. மேலே மூடுபனி இறங்கினால் பிரைட் போடாதீர்கள், பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம்மில், மெதுவாகப் போங்கள்.

ஹாலஜனைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்ப் போட்டேன். நான் டிம்மில் போனாலும் எதிரே வருகிற எல்லோரும் டிம் அடிக்கச் சொல்லி லைட் அடிக்கிறார்கள். ஏன்?
— வாசகர், பழனி

அவர்கள் சொல்வது சரி. உங்கள் ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லு அந்த இடத்தில், அந்த அளவில் அப்படியே அமைவது அரிது. அதனால் வெளிச்சம் எங்கும் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். பழைய ஹாலஜனையே மாட்டுங்கள். கண் கூசிய, பைக்கில் வருகிறவருக்கு அடுத்த சில நொடி சாலையே தெரியாது, உங்கள் வண்டி இருக்கும் பக்கமேகூட அவர் வந்துவிடலாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

மாட்டியபின் உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். டயரில் சரியான காற்றோடு, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். டாஷ்போர்டில் லைட் உயரம் மாற்றும் திருகு இருந்தால் சுழியில் (0) வையுங்கள். ஹெட்லைட்டின் நடுப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறதோ, சுவரில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அதைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகில் இறக்குங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டிம் போய்விட்டது. இரண்டு பல்பும் சேர்ந்தா போகும்?
— வாசகி, தாராபுரம்

அபூர்வம். ஃபியூஸ், ரிலே (லைட்டுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), டிம்-பிரைட் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். உண்மையிலேயே இரண்டு பல்பும் போயிருந்தால், சார்ஜிங் அளவு பாருங்கள். வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் பாதியாகும். 14.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதென்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் காட்டுங்கள்.

ஒரு பல்ப்தான் போயிருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?
— வாசகர், கோவை

மாற்றுங்கள். இன்னொன்றும் அதே அளவு நேரம் எரிந்ததுதான், அதுவும் சீக்கிரம் போகும். இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் எரியக்கூடிய பழைய பல்பைப் புது பல்ப் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, ஒரு ஜோடி துணிக் கையுறையோடு டாஷ்போர்டில் வையுங்கள்.