விசரா ரிப்போர்ட் வராமலே கேஸை மூடலாமா?

கேள்வி: தம்பி ரூம்ல இறந்து கிடந்தான், பக்கத்துல ஊசியும் கரைச்ச வலி மாத்திரையும். ஜிஹெச்ல போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு, விசரா ரிப்போர்ட் (உள்ளுறுப்பு, ரத்தத்தை லேப்ல சோதிச்சுத் தர்ற கெமிக்கல் ரிப்போர்ட்) வரல. ஸ்டேஷன்ல "போதை ஓவர்டோஸ்தான், கையெழுத்து போடுங்க முடிச்சிடலாம்"ங்கறாங்க. கூட இருந்த ரெண்டு பேரை விசாரிக்கவே இல்ல. இன்சூரன்ஸும் நிக்குது.

பதில்: கையெழுத்து போடாதீங்கம்மா. போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட்ல கடைசி வரியைப் பாருங்க, கெமிக்கல் ரிப்போர்ட் வந்தப்புறம் கருத்து சொல்றேன்னு இருந்தா டாக்டரே இன்னும் காரணம் சொல்லல, டாக்டர் சொல்லாததை ஸ்டேஷன் ரைட்டர் எப்படி சொல்வாரு?

ரிப்போர்ட் வந்ததும் "மருந்து இருக்கு"ங்கற வரியோட நிக்காதீங்க. எவ்வளவு, ரத்தம் எங்கேருந்து எடுத்தாங்க, ரெண்டும் வேணும். இறந்தப்புறம் ஈரல், நுரையீரல்ல தங்கின மருந்து இதய ரத்தத்துல கசிஞ்சு அளவை ஏத்திக் காட்டும், அதனாலதான் தொடை ரத்தக்குழாய்லேருந்து எடுக்கணும்பாங்க. சோடியம் ஃப்ளோரைடு (ரத்தம் கெடாம காக்கற உப்பு) போடாம வச்ச ரத்தத்துல கிருமியே ஆல்கஹாலை உண்டாக்கிடும், குடிக்காதவனும் குடிகாரனாயிடுவான். இன்னொண்ணு, டேபென்டடால் மாதிரி வலி மாத்திரை சாதாரண ஓபியம் டெஸ்ட் கிட்ல சிக்காது, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறு எடையை வச்சு மருந்தை அடையாளம் காணற டெஸ்ட்) வேணும், அதனால நெகட்டிவ்னு வந்தாலும் எந்த டெஸ்ட்னு கேளுங்க. அளவு தெரிஞ்சாலும் அது மட்டும் பத்தாது, பழகினவன் தாங்கற டோஸ் புதுசா போட்டவனைக் கொன்னுடும்.

ஆனா ஊசியைப் போட்டது யாருன்னு எந்த லேபும் சொல்லாது. தம்பி வலது கைக்காரனா, ஊசி குத்தின தடம் எந்தக் கையில? வலது கைக்காரனுக்கு வலது கையிலயே தடம் இருந்தா அதை எழுதிக் குடுங்க, சிரிஞ்சுல கைரேகை எடுத்தாங்களான்னும் கேளுங்க. வேற ஆள் போட்டிருந்தா பிஎன்எஸ்எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 194ல (பழைய சிஆர்பிசி 174) சந்தேக மரணம்னு கிடக்கற கேஸ் பிஎன்எஸ் (புது தண்டனைச் சட்டம்) 105, அதாவது கொலையாகாத மரணம் விளைவிச்ச குற்றம் வரைக்கும் போகலாம்.

எஸ்பிக்கு மனு, ஆர்டிஓவுக்கு (வருவாய் கோட்டாட்சியர்) காப்பி, ரெண்டும் ரிஜிஸ்டர் தபால்ல. மிச்ச சாம்பிளை அழிக்காம வைக்கச் சொல்லி லேபுக்கு எழுதணும்னு அதுலயே கேளுங்க. அசையலன்னா பிஎன்எஸ்எஸ் 528ல ஹைகோர்ட் போய் ரிப்போர்ட்டை வாங்கி விசாரணையை முடிக்க உத்தரவு கேக்கலாம்.

இன்சூரன்ஸ் எந்த மாதிரி பாலிசின்னு நீங்க எழுதல. லைஃப் பாலிசி எடுத்து மூணு வருஷம் தாண்டியிருந்தா இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுபடி அந்த பாலிசியே செல்லாதுன்னு கிளப்ப முடியாது. ஆக்சிடென்ட் பாலிசின்னா போதை விதிவிலக்கைக் காட்டுவாங்க, அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி, ரிப்போர்ட் இல்லாம எதை வச்சு நிரூபிப்பாங்க? மறுத்தா எழுத்துல வாங்குங்க, அந்தத் தேதியிலேருந்து 2 வருஷத்துக்குள்ள கன்ஸ்யூமர் கோர்ட்.