பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

கே: செல்களின் வேலைக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும் என்கிறது உயிரியல் வகுப்பு. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும் என்கிறது வேதியியல் வகுப்பு. எது சரி? (பிளஸ் டூ மாணவி)

ப: வேதியியல் வகுப்பில் சொன்னதுதான் சரி. வருடம் தவறாமல் வரும் சந்தேகம் இது, நிதானமாகவே பார்ப்போம். ஏடிபியின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் வந்து கடைசி பாஸ்பேட்டைப் பிரிக்கிறது, இதுதான் நீராற்பகுப்பு. பழைய பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாவது உண்மைதான். ஆனால் புதுப் பிணைப்புகள் உருவாகின்றன, பிரிந்த துண்டுகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன, அந்தத் தள்ளுமுள்ளும் தணிகிறது. செலவைவிட வரவு அதிகம். செந்தரச் சூழலில் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் மிஞ்சும்.

1941-இல் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மான் வழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்ற பெயரும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஆற்றல் அந்தப் பிணைப்புக்குள்ளேயே அடைந்து கிடப்பதுபோல அது எண்ண வைக்கிறது. தேர்வில் ‘ஏடிபி நீராற்பகுப்படையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது’ என்று எழுதுங்கள், இரண்டு ஆசிரியர்களும் மதிப்பெண் போடுவார்கள்.

கே: உடம்பு ஏடிபியாகவே சேர்த்து வைத்துக்கொண்டால் என்ன?

ப: எடை தாங்காது. ஒரு நாளில் நாம் புழங்கும் ஏடிபியைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை வந்துவிடும். கையிருப்போ எப்போதும் கிராம் கணக்கில்தான். செலவானதை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உடனுக்குடன் திரும்பக் கட்டுகிறது. அங்கே இந்த வேலைக்கென்றே ஒரு நொதி இருக்கிறது, புரோட்டான்கள் பாயப் பாய அது சக்கரம்போல நிஜமாகவே சுழல்கிறது! நீண்டகாலச் சேமிப்புக்குக் கொழுப்புதான் தோது: கிராமுக்கு 9 கிலோகலோரி. மாவுச்சத்தில் 4 தான்.

கே: அப்பா இறந்ததும் தாடையைத் துணியால் கட்டச் சொல்லிப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஏன்?

ப: அவர்கள் சொன்னதில் அனுபவ அறிவு இருக்கிறது. தசை சுருங்க மட்டுமல்ல, தளரவும் ஏடிபி வேண்டும். மயோசின் என்ற புரதம் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும், புது ஏடிபி வந்து ஒட்டினால்தான் பிடியை விடும். மூச்சு நின்ற சில மணி நேரத்தில் ஏடிபி தீர்ந்துபோகும், பிடித்த பிடி அப்படியே நின்றுவிடும். விறைப்பு முதலில் தெரிவது இமை, தாடை போன்ற சிறிய தசைகளில்தான். அதற்குள் கட்டாவிட்டால் வாய் திறந்தபடியே இறுகிவிடும். ஒன்றிரண்டு நாளில் புரதங்கள் சிதையத் தொடங்கியதும் அந்தப் பிடி தானே தளரும்.